ஏரியைச் சுற்றிப் பெண் பார்த்தார்கள்

பெண் பார்க்க வருகிறவர்களை வீட்டுக்கு வரச் சொல்வதுதான் ஊர் வழக்கம். என் மகள் ஏரிக்கு வரச் சொன்னாள்.

"ஏரிக்கா?" என்றேன்.

"ஆமாம்மா. கால்வாய் ஓரத்துல பறவைங்க வர்ற ஏரி இருக்குல்ல, நான் போவேனே. அங்க ஒரு சுத்து நடந்துகிட்டே பேசலாம். ஈஸியான ஹைக்தான்."

ஹைக் என்ற சொல்லை நான் அவள் வாயிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். அவள் ஆபீஸில் ஒரு கூட்டம் இருக்கிறது. வாரமெல்லாம் ஏசியில் உட்கார்ந்து முதுகைக் கெடுத்துக்கொண்டு, சனிக்கிழமையானால் விடியும் முன்பே எழுந்து தொப்பி, பூட்ஸ், குழாய் வைத்த தண்ணீர்ப் பை எல்லாம் மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்புவார்கள். ஏதோ இமயமலை என்று நினைத்துவிட வேண்டாம். பழைய மகாபலிபுரம் சாலையில் சோழிங்கநல்லூர் தாண்டி, பக்கிங்காம் கால்வாயை ஒட்டி இருக்கிற ஏரி. அங்கே மலையும் இல்லை, குன்றும் இல்லை. இருப்பதிலேயே உயரமான இடம் ஏரிக்கரைதான். அதன் உச்சியில் ஏறி நின்றாலும் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குக் கீழேதான் இருப்போம். தாம்பரம் ஸ்டேஷனில் நடைமேம்பாலம் ஏறி இறங்குகிற ஜனங்கள் தினமும் இதைவிடப் பெரிய ஹைக் போகிறார்கள். அவர்களுக்கு யாரும் தொப்பி கொடுப்பதில்லை.

வேறொரு நாளாயிருந்தால் இதையெல்லாம் அவளிடமே சொல்லிக் கிண்டல் செய்திருப்பேன். அன்று அதற்கு மனமில்லை. என் மகள் நடப்பதைப் பெண் பார்க்க வருகிறவர்கள் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் சில வருடங்களாக என் முழுநேர உத்தியோகம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருப்பது பொழுதுபோக்குக்கு.

ஜிஎஸ்டி சாலையில் அவள் ஸ்கூட்டியில் போகும்போது ஒரு தண்ணீர் லாரி இடித்தது. இடது தொடையில் கம்பி வைத்தார்கள். எலும்பு சேர்ந்தது, ஆனால் அந்தக் கால் மற்றதைவிடக் கொஞ்சம் குட்டையாகச் சேர்ந்தது. நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்வாள். அவ்வளவுதான். வலி கிடையாது, மாத்திரை கிடையாது. படி ஏறுவாள், பஸ் பிடிப்பாள், என்னைவிட வேகமாக நடப்பாள். ஆனால் கல்யாணச் சந்தையில் ஒரு பெண்ணுக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று கேட்டால் படிப்பு, வேலை, குணம், ஜெபம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "வேற குறை ஒண்ணும் இல்லையே?" என்பார்கள். எனக்கு அந்த 'வேற'தான் பயம்.

அதனால் நானும் ஒரு முறை வைத்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு வெகுநேரம் முன்பே மகளை ஹாலில் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவேன். மற்ற வீடுகளில் பெண் காபித் தட்டோடு நடந்து வருவாள். எங்கள் வீட்டில் பெண்ணின் அம்மா தட்டோடு நடந்து வருவாள். வந்தவர்கள் எழுந்து, செருப்பு மாட்டி, கேட்டைச் சாத்திவிட்டுத் தெரு முனை திரும்பும்வரை என் மகள் அந்த நாற்காலியிலேயே இருப்பாள். ஒரு அம்மாள் போகும்போது, "பெரியவங்க வந்தா எந்திரிக்கிற பழக்கம் இல்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மரியாதை தெரியாத பெண் என்று சொன்னால்கூடப் பரவாயில்லை என்று நான் சிரித்துக்கொண்டு நின்றேன். இதற்குத்தான் என்னை டிகிரி படிக்க வைத்தார்கள்.

எப்படியோ விஷயம் வெளியே வந்துவிடும். ஏதாவது ஒரு கல்யாண வீடியோவில் மகள் பந்திக்கு நடந்து போவாள், அதை யாராவது பார்த்துத் தொலைப்பார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்களில் ஜாதகம் பார்ப்பதில்லை, பொருத்தம் பார்ப்பதில்லை, எல்லாம் தேவ சித்தம். எனவே யாரும் கால் பிடிக்கவில்லை என்று சொல்லமாட்டார்கள். "ரொம்ப பாரத்தோட ஜெபிச்சோம் சிஸ்டர். தேவ சித்தம் இல்லைன்னு உணர்த்தப்பட்டோம்" என்பார்கள். வானத்தையும் பூமியையும் படைத்தவருக்கு வேறு வேலை இல்லை, டேப்பை எடுத்துக்கொண்டு என் மகளின் காலை அளந்துகொண்டிருக்கிறார்.

இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் எங்கள் சபையில் பெண்கள் ஐக்கியத்தை நடத்துகிற அக்கா. பையன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். வீடு படப்பையில். அப்பா இல்லை, அம்மா மட்டும். குடிக்கிறதில்லை, சபைக்கு ஒழுங்காக வருவான், மேலே இருக்கிற பல்லும் கீழே இருக்கிற பல்லும் வரிசையாக இருக்கும் என்றெல்லாம் அக்கா சொன்னார். போட்டோவும் அப்படித்தான் இருந்தது. நான் நாற்காலியைத் துடைத்து வைக்கத் தயாரானபோதுதான் மகள் ஏரியைச் சொன்னாள்.

"வீட்ல வேணாம்மா. என்னை பொம்மை மாதிரி உக்கார வெக்கிறது போதும். நான் நடக்கிறதை அவங்க முதல்லயே பாக்கட்டும். பிடிச்சா பிடிக்கட்டும். இல்லைன்னா ஏரிக்கரையிலயே டாட்டா சொல்லிடலாம்."

"பிடிக்கலைன்னா என்னடி பண்றது?"

"வீட்டுக்கு வந்து தூங்கறது."

முப்பது தாண்டிய பெண் பேசுகிற பேச்சா இது? அவள் அப்பாவைப் பார்த்தேன். பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கிளையையே நிர்வாகம் செய்தவர் என்று வெளியில் பேச்சு. அவர் பேப்பரைப் பிரித்து முகத்தை மூடிக்கொண்டார். அவருடைய நிர்வாகம் எப்போதும் அப்படித்தான்.

அழுது பார்த்தேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அக்காவுக்குப் போன் செய்தேன். அக்கா நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதுக்கு எதுக்கு பதறுறீங்க? நடக்கலாம்னு கூப்பிடுவோம். அங்க போனதும் ஒரு நல்ல எடமா பாத்துப் பாயை விரிச்சு உக்கார வெச்சிடுவோம். டிபன் கொண்டுவந்துடுங்க. சாப்பாட்டைப் பாத்தா எவனும் நடக்கமாட்டான்." இந்த ஞானத்துக்காகத்தான் அவரைத் தொடர்ந்து தலைவியாக்குகிறார்கள் என்று அப்போது தோன்றியது.

ஆக, ஒரு தை மாதக் காலையில், ஹைக் போவதற்காக நான் எடுத்துவைத்தவை: இட்லி, மெதுவடை, கேசரி, சட்னி இரண்டு வகை, பிளாஸ்க்கில் காபி, பெரிய கோரைப் பாய், பட்டுப் புடவை ஒன்று என் உடம்பில், குடை ஒன்று. குடை வெயிலுக்கு அல்ல. ஒருவேளை நடக்க நேர்ந்துவிட்டால் நான் மகளுக்குப் பின்னால் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வருவேன், பின்னால் வருகிறவர்களுக்குக் கால் தெரியாது. அவள் அப்பாவின் வேலை, பையனின் அம்மாவைப் பேச்சுக் கொடுத்துத் திசை திருப்புவது. அவருக்கு அதை ஒரு பாடம் போல நடத்தினேன். தலையாட்டினார். மகள் ஒரு சாதாரண சல்வாரில், பழைய ஷூவில் வந்தாள். ஒரு பக்கம் உள்ளே உயர்த்திவைத்த புது ஷூ வாங்கிக் கொடுத்திருந்தேன். அது பெட்டியிலேயே கிடந்தது.

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாகப் போனோம், தூரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்கு அந்தப் பாதை முடியவே இல்லை. ஏரியின் வாசலில் பையனும் அவன் அம்மாவும், கூடவே அக்காவும் காத்திருந்தார்கள். வண்டலூர் சுற்றிக் கேளம்பாக்கம் வழியாக எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டார்களாம். பையன் போட்டோவில் இருந்ததைவிட லட்சணமாக இருந்தான். அம்மாள் நல்ல வெள்ளைச் சேலை, கையில் வேதாகமப் பை. ஏரியைச் சுற்ற வந்தவர்களா, சபைக் கன்வென்ஷனுக்கு வந்தவர்களா என்று யாரும் நின்று பார்ப்பார்கள்.

அந்தச் சந்தேகத்தை அக்கா உடனே தீர்த்துவைத்தார். எந்த நல்ல காரியமும் ஜெபம் இல்லாமல் தொடங்கக் கூடாது என்று கார் நிறுத்துகிற இடத்திலேயே எல்லோரையும் கண் மூட வைத்தார். படைப்பில் ஆரம்பித்து, பறவைகளுக்காக நன்றி சொல்லி, இரு குடும்பங்களையும் பேர் சொல்லி ஆசீர்வதித்து, பிரதமருக்கும் முதல்வருக்கும் ஞானம் கேட்டு, அவர் ஆமென் சொல்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. கண்ணைத் திறந்தால் வாசல் காவலாளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரே நிற்கிறார்.

"இன்னாமா, ஜெபம் முட்ச்சிடுச்சா? சரி, பை, கூடை, பாயி எல்லாத்தையும் கார்லயே வெச்சுட்டு வாங்க. துன்ற ஐட்டம் ஒண்ணும் உள்ள வுட மாட்டாங்க."

என் கையில் டிபன் கேரியர் கனத்தது. "சாப்பிடறதுக்குத்தாங்க வந்திருக்கோம்" என்றேன்.

"அதுக்கு மெயின் ரோட்ல ஓட்டல் கீது. இது பறவைங்க எடம்மா. நீ ஒரு வடை போட்டா நாயி வரும், நாயி வந்தா பறவை போயிடும்."

"சரிங்க, பாய் மட்டும்? உக்கார?"

"உள்ளார பெஞ்சு கீதே."

எனக்கு உயிர் வந்தது. "எங்க இருக்குங்க?"

"சுத்தி முடிக்கிற எடத்துல. அந்தாண்ட. ஒன் வேதான், இப்டியே போய் அப்டியே வெளிய வந்துகினே இருக்கலாம்."

அதாவது முழு ஏரியையும் நடந்து முடித்தவர்களுக்குத்தான் உட்கார உரிமை. அக்காவைப் பார்த்தேன். அக்கா வானத்தைப் பார்த்தார். மகள் என் கையிலிருந்து கேரியரை வாங்கி டிக்கியில் வைத்து மூடிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் நடக்க ஆரம்பித்தாள்.

நான் குடையை விரித்தேன்.

ஏரிக்கரைப் பாதை ஒருவர் பின் ஒருவராகப் போகிற அகலம்தான். முன்னால் மகளும் பையனும், பின்னால் நான், எனக்குப் பின்னால் அவள் அப்பாவும் பையனின் அம்மாவும், கடைசியில் மூச்சு வாங்கியபடி அக்கா. மகள் ஒரு பக்கம் சாயும்போது நான் குடையை அந்தப் பக்கம் சாய்ப்பேன், அவள் நிமிர்ந்தால் நானும் நிமிர்த்துவேன். பட்டுப் புடவையில், கால் தடுக்காமல், இதை ஏரி நெடுகச் செய்வது எவ்வளவு கடினம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். செய்து பார்த்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன். எதிரே வந்த ஒரு கேமராக்காரர் எங்கள் ஊர்வலத்தைப் பார்த்து ஒதுங்கி நின்று வழிவிட்டார். அம்மன் புறப்பாடு என்று நினைத்திருப்பார்.

இடப்பக்கம் ஏரி, வலப்பக்கம் வேலிக்கு அப்பால் கால்வாய். வழியில் ஒரு பலகை. முன்காலத்தில் இந்தக் கால்வாயில் நெடுந்தூரம் சரக்குப் போக்குவரத்து நடந்தது என்று அதில் எழுதியிருந்தது. பையனின் அம்மா அதை நின்று படித்துவிட்டு வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இதுலயா கப்பல் போச்சு?"

"கப்பல் இல்லீங்க, படகு" என்றார் என் கணவர். திசை திருப்பும் பொறுப்பு நினைவுக்கு வந்துவிட்டது போல. "உப்பு, விறகு, நெல்லு எல்லாம் வந்துச்சாம்."

"இப்ப என்ன போவுது?"

அவர் கால்வாயைப் பார்த்தார். கறுப்புத் தண்ணீரில் ஆகாயத்தாமரை அடர்ந்து கிடந்தது, நடுவில் ஒரு தெர்மோகோல் பெட்டி. "இப்ப எதுவும் போகலீங்க. எல்லாம் நிக்குது" என்றார். கல்யாணமான இத்தனை வருடங்களில் அவர் சொன்ன உருப்படியான வாக்கியம் அது.

இதற்குள் என் முன்னால் நடப்பதைக் கவனித்து எனக்கு மனசு குளிர ஆரம்பித்திருந்தது. பையன் அப்படித் தாங்கினான். வேர் ஒன்று வந்தால், "பாத்து." சரிவு வந்தால், "பாத்து, பாத்து." ஈரமாயிருந்த இடத்தில் நின்று கையை நீட்டி, "மெதுவா வாங்க, அவசரமில்லை." மகள் ஏரியைக் காட்டி, "அதோ நீலமா, செவப்பு மூக்கோட, அது நீலத்தாழைக்கோழி" என்றாள். பையன், "கீழ பாத்து நடங்க, கல்லு இருக்கு" என்றான். கல் ஒரு கோலி குண்டு அளவு இருந்தது. இருந்தாலும் பாசம் பாசம்தானே! என் கணவருக்குப் பின்னால் நான் எத்தனை கல்லை மிதித்திருக்கிறேன், ஒரு தடவை திரும்பிப் பார்த்திருப்பாரா? இப்படி ஒரு பிள்ளை இந்தக் காலத்தில் இருக்கிறானே என்று குடைக்குள்ளேயே ஸ்தோத்திரம் சொன்னேன்.

கொஞ்ச தூரத்தில் ஏரித் தண்ணீர் கால்வாய்க்குப் போகிற மதகு. அதன் மேல் ஒரு சிமென்ட் பலகை போட்டிருந்தார்கள், கைப்பிடி இல்லை. பையன் பதறிப்போய் முதலில் ஏறினான். அவள் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் நீட்டி, நடை பழகுகிற குழந்தையைக் கூப்பிடுவது போலப் பின்னால் பின்னால் போனான். அவள் அந்தப் பலகையில் பல தடவை நடந்தவள். கை கொடுக்காமல் சாதாரணமாக நடந்து வந்தாள். பின்னால் போன பையன் பலகை முடிந்ததைக் கவனிக்கவில்லை. கணுக்காலுக்கு மேல் சேற்றில் இறங்கிவிட்டான். என் மகள்தான் குனிந்து கை கொடுத்துத் தூக்கினாள். அவன் மேலே வந்து ஷூவை உதறியபடி அவளிடம் மெதுவாக ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. அவள் ஏரியைப் பார்த்து நின்றாள். வெட்கம் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் அவள் பறவை எதையும் யாருக்கும் காட்டவில்லை.

ஒருவழியாகப் பெஞ்சு வந்தது. பையனின் அம்மாவும் அக்காவும் விழுந்தடித்து உட்கார்ந்தார்கள். நான் மகளையும் உட்கார வைத்து, குடையோடு பக்கத்தில் நின்றேன். பையனின் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுற்றிலும் பார்த்து, சபையில் சாட்சி சொல்கிற குரலில் சொன்னாள்:

"எங்களுக்கு முழு சம்மதம் சிஸ்டர். பொண்ணு கால் விஷயம் அக்கா முதல் நாளே சொல்லிட்டாங்க. நான்தான் கொஞ்சம் யோசிச்சேன். என் பையன் ஒரே வார்த்தைதான் சொன்னான். 'பரவாயில்லம்மா, நான் ஏத்துக்கறேன். இதையும் ஒரு ஊழியமா நெனச்சுக்கறேன்'னான். அப்படி ஒரு மனசு அவனுக்கு."

என் கையில் குடை இன்னும் விரிந்தே இருந்தது. அக்கா என் பார்வையைத் தவிர்த்துவிட்டுத் தன் செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டுவதில் மும்முரமானார். ஆக, ஊருக்கே தெரிந்த ரகசியத்தை நான் ஏரியைச் சுற்றிக் குடை பிடித்துக் காப்பாற்றியிருக்கிறேன்! அக்காவின் மேல் வந்த கோபத்தை உடனே ஒரு சந்தோஷம் வந்து அமுக்கியது. தெரிந்திருந்தும் சம்மதம் சொல்கிறார்கள். இனி நாற்காலி வேண்டாம், தட்டு வேண்டாம், கல்யாண வீடியோக்களைப் பார்த்து நடுங்க வேண்டாம். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மகளைப் பார்த்து, "சொல்லேன்டா" என்றேன்.

"யோசிச்சுச் சொல்றேன் ஆன்ட்டி" என்றாள் மகள்.

"வெக்கம்" என்று அக்கா எல்லோருக்கும் மொழிபெயர்த்தார். சிரித்தோம். வெளியே வந்து கார் டிக்கியைத் திறந்து வைத்து, நின்றபடியே இட்லியும் கேசரியும் சாப்பிட்டோம். காவலாளிக்கும் ஒரு தட்டு போனது. "வடை சோக்கா கீதுமா" என்று அவர் மட்டும்தான் மனம் விட்டுச் சொன்னார். பையன் என் மகளுக்குத் தட்டு எடுத்துக் கொடுத்து, "நீங்க கார்ல உக்காந்து சாப்பிடுங்க, நிக்காதீங்க" என்றான். அவள் நின்றே சாப்பிட்டாள்.

திரும்பும்போது மேடவாக்கம் சிக்னலில் வண்டி நகரவே இல்லை. நான் மண்டபம் எது, எந்த ஆயரைக் கூப்பிடுவது என்றெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். பின்சீட்டிலிருந்து மகள் சொன்னாள்.

"எனக்கு வேணாம்மா."

முதலில் காபியைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிளாஸ்க் என் மடியில் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

"பைத்தியமாடி உனக்கு? கால் தெரிஞ்சும் சரின்னு சொல்றாங்க. இனிமே இப்படி ஒருத்தன் வருவானா? எப்படித் தாங்கினான், பாத்தேனே நான்!"

"நீயும் பாத்த, அவரும் பாத்தார். ரெண்டு பேரும் சுத்து பூரா என் காலை மட்டும்தாம்மா பாத்தீங்க. அந்தப் பக்கம் பூநாரை ஒரு கூட்டமே நின்னுச்சு, தெரியுமா உனக்கு?"

தெரியாது. குடை மறைத்திருக்கும்.

"மதகுகிட்ட அவர் என்ன சொன்னார் தெரியுமா?" என்றாள். "'நீங்க கவலையே படாதீங்க. கல்யாணத்துக்கப்பறம் நான் உங்களை எங்கயும் நடக்க விடமாட்டேன்'னார்."

எனக்கு அதில் என்ன தப்பு என்று சத்தியமாகப் புரியவில்லை. "நல்லதுதானே சொல்லியிருக்கான்!" என்றேன்.

"எனக்கு நடக்கப் பிடிக்கும்மா" என்றாள் அவள்.

அவள் கோபப்படவில்லை. பசிக்குது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். அவள் அப்பா கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார், சிக்னல் பச்சையானதுகூடத் தெரியவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் பிளாஸ்க்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவள் முதல் தடவை காரிடார் கடைசிவரை போய் வந்தபோது நர்ஸிடம் இன்னொரு தடவை போகவா என்று கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது. அன்று நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பையன் கெட்டவன் இல்லை. இதை நான் இப்போதும் சொல்வேன். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். அதனால் அந்த வாரம் முழுதும் நான் மகளிடம் ஜாடைமாடையாகச் சண்டை போட்டேன். பாத்திரத்தைச் சத்தமாக வைத்தேன், பெருமூச்சு விட்டேன். அக்கா தினமும் போன் செய்து, "என்ன சிஸ்டர், பொண்ணு ஜெபிச்சு முடிச்சுதா?" என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை விடியற்காலை அவள் பழைய ஷூவை மாட்டிக்கொண்டு தன் கூட்டத்தோடு ஏரிக்குக் கிளம்பிவிட்டாள். வெயில் ஏறும் நேரத்தில் திரும்பி வந்தாள். முழங்கால்வரை மண், முகமெல்லாம் வேர்வை. ஃப்ரிட்ஜைத் திறந்து நின்றபடியே தண்ணீர் குடித்தாள். ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். நான் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தப் பெண்ணை எங்கேயும் நடக்க விடமாட்டேன் என்று ஒருவன் அன்போடு சொல்லியிருக்கிறான். அந்த அன்புக்கு நான் ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறேன். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

அன்று மாலை பையனின் அம்மாவே போன் செய்தாள். வழக்கமாக இந்தப் போன்களில் கேட்டுக்கொண்டிருக்கிற இடம் என்னுடையது. சரிங்க, பரவாயில்லைங்க, உங்க பையனுக்கு நல்ல எடமா அமையட்டும்ங்க என்று சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். சொல்லுகிற இடத்தில் நின்றது இதுதான் முதல் தடவை. மகள் பக்கத்து அறையில் இருந்தாள். அவள் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"மன்னிச்சுக்கணும்ங்க. இது வேணாம்னு நெனைக்கிறோம்" என்றேன்.

அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது. "வேணாமா? என்ன சிஸ்டர் சொல்றீங்க? என் பையன்கிட்ட என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லீங்க. தங்கமான பிள்ளை."

"அப்பறம் என்ன? உங்க பொண்ணு கால் அப்படியிருக்குன்னு தெரிஞ்சே நாங்க ஒத்துக்கிட்டோமே!"

"ஆமாங்க, நீங்க ஒத்துக்கிட்டீங்க" என்றேன். "என் பொண்ணு ஒத்துக்கல."

அவளுக்கு அது விளங்கவே இல்லை. பொண்ணா, பொண்ணு எதுக்கு என்று கேட்டாள். பிறகு, இனி உங்களுக்கு வேறு இடம் எங்கே கிடைக்கப்போகிறது என்று தொடங்கி வெகுநேரம் பேசினாள். கிடைக்காமலே போகலாம். அந்தப் பயம் எனக்கு இன்றும் இருக்கிறது, படுத்தால் தூக்கம் வருவதில்லை. ஆனாலும் அவள் பேசி முடிக்கும்வரை நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, ஒரு மகாராணியைப் பெற்றவள் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.